காற்றில் எழுதியவர்கள் – 17: ஒரு புள்ளிக்கு ஒரு நிமிடம்

சென்ற வாரம் 1923 நவம்பரில் நிறுத்தியிருந்தோம். பிரான்ஸின் நீஸ் நகரில் லியோன் டெலுவா, அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஃபிரெட் ஷ்னெல். நடுவே அட்லாண்டிக். சுமார் 110 மீட்டர் அலைநீளத்தில், அமெச்சூர்கள், அதாவது பொழுதுபோக்காக வானொலி நிலையம் நடத்துகிறவர்கள், முதல்முறையாக அந்தக் கடலைத் தாண்டிக் கேள்வியும் பதிலுமாகப் பேசிக்கொண்டார்கள்.

அதற்கு முன்கதையும் நினைவிருக்கும். 1912-இல் அமெரிக்க அரசு போட்ட சட்டம், 200 மீட்டருக்கு மேற்பட்ட அலைநீளங்களை எல்லாம் கப்பல்களுக்கும் கடற்படைக்கும் கம்பெனிகளுக்கும் கொடுத்துவிட்டு, அமெச்சூர்களை அதற்குக் கீழே தள்ளியது. தூரம் போக நீண்ட அலைதான் வேண்டும், குற்றலை எதற்கும் உதவாது என்பது அன்றைய அறிவு. துரத்திவிட்ட இடத்தில்தான் புதையல் இருந்தது. 1921 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் ஆர்ட்ரோசனில் கூடாரம் அடித்து உட்கார்ந்த அமெரிக்க அமெச்சூர் பால் காட்லி அதன் முதல் தடயத்தைக் கண்டார். 1923-இல் அது உறுதியானது.

வானொலி வரலாறு எழுதுகிற பெரும்பாலோர் இந்த இடத்தில் குற்றலையோடு போய்விடுகிறார்கள். அமெச்சூர்கள் இழந்த நீள் அலை என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்ப்பதில்லை. நாம் பார்ப்போம். அதற்கு எழுபது ஆண்டுகளைத் தாண்ட வேண்டும்.

* * *

1996: கதவு திறக்கிறது

நீள் அலை என்பது ராட்சதர்களின் உலகம். 1907-இல் மார்க்கோனி அயர்லாந்தின் கிளிஃப்டனுக்கும் கனடாவின் கிளேஸ் பே-க்கும் இடையே வணிகத் தந்தி சேவை தொடங்கியபோது, கிளிஃப்டனில் அதற்கென்றே ஒரு மின்நிலையம் கட்ட வேண்டியிருந்தது. சுற்றியிருந்த சதுப்பு நிலத்தை வெட்டி, அந்த மண்கரியைச் சின்ன ரயிலில் ஏற்றிவந்து எரித்தார்கள். பின்னாளில் வந்த நீள் அலை நிலையங்களும் அந்த அளவில்தான். நம் ஊரிலேயே சான்று உண்டு. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில், நீருக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்ப இந்தியக் கடற்படை நடத்தும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையத்தின் கோபுரங்கள், நாட்டிலேயே மிக உயரமான கட்டுமானங்கள்.

இந்த உலகத்துக்குள் கொல்லைப்புறத்தில் ஒரு கம்பத்தை நட்டுக்கொண்டு நுழைய முடியுமா?

1996 ஏப்ரலில் பிரிட்டன் தன் அமெச்சூர்களுக்கு 71.6 முதல் 74.4 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரு சிறு துண்டைத் திறந்துவிட்டது. கேட்டு விண்ணப்பித்தவர்களுக்கு மட்டும், உரிமத்தோடு ஒட்டிய தனி அனுமதியாக. அலைநீளம் நாலு கிலோமீட்டர்!

அடுத்த ஆண்டே ஐரோப்பிய நாடுகளின் அஞ்சல், தொலைத்தொடர்பு நிர்வாகங்கள் கூடி, 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை அமெச்சூர்களுக்குத் தரலாம் என்று பரிந்துரைத்தன. 1998 ஜனவரி இறுதியில் அது பிரிட்டனில் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய நாடுகள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. 2,200 மீட்டர் பட்டை என்று அதற்குப் பெயர் நிலைத்தது.

பட்டையின் மொத்த அகலம் 2.1 கிலோஹெர்ட்ஸ். ஒரே ஒருவர் குரலில் பேசினால்கூட இடம் போதாது. ஆக, மோர்ஸ்தான்.

இரண்டு பட்டைகளுக்கும் ஒரே நிபந்தனை: ஒரு வாட்.

* * *

ஒரு வாட் என்றால் எவ்வளவு?

குற்றலையில் நூறு வாட்டைச் சர்வசாதாரணமாக அனுப்பிப் பழகியவர்களுக்கு ஒரு வாட் என்பது அவமானமாகத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் சட்டத்தின் வாசகத்தைக் கூர்ந்து படித்தவர்களுக்கு வேறு ஒன்று புரிந்தது. கருவியிலிருந்து வெளிவரும் ஒரு வாட் அல்ல அது. ஆன்டெனாவிலிருந்து வெளியே கதிராகக் கிளம்பும் ஒரு வாட்.

கொல்லைப்புறத்தில் அந்த ஒரு வாட்டைக் கிளப்புவதே பெரும்பாடு.

கணக்கைப் பாருங்கள். 2,200 மீட்டர் அலைக்கு முறையான கால்-அலை ஆன்டெனா 550 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். ஒரு வீட்டுத் தோட்டத்தில் 12 மீட்டர்க் கம்பம் நட்டு, உச்சியில் குறுக்கே கம்பிகள் கட்டினால், அதன் கதிர்வீச்சுத் தடை ஓர் ஓமில் இருபதில் ஒரு பங்கு. அதே ஆன்டெனாவின் அடியில் மண்ணும் எர்த் கம்பிகளும் சுற்றியுள்ள மரங்களும் சேர்ந்து தின்னும் தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்வோம். நல்ல தோட்டத்துக்கு அது நியாயமான எண்தான். உள்ளே கொடுக்கும் ஆயிரம் வாட்டில் ஒரே ஒரு வாட் வானுக்குப் போகிறது. மீதி 999 வாட், மண்ணைச் சூடாக்குகிறது.

அந்த ஆயிரம் வாட்டையும் சும்மா கொடுத்துவிட முடியாது. இவ்வளவு குட்டையான ஆன்டெனா ஒரு மின்தேக்கியைப் போலத்தான் நடந்துகொள்ளும். அதைச் சரிக்கட்ட, அடியில் ஒரு பெரிய கம்பிச்சுருள் வேண்டும். நாலைந்து மில்லிஹென்றி. தோட்டத்து பிளாஸ்டிக் வாளிகளிலும் தடித்த குழாய்களிலும் நூற்றுக்கணக்கான சுற்றுகள் சுற்றினார்கள். நாலரை ஆம்பியர் அதில் பாயும்போது சுருளின் மேல்முனையில் 17,000 வோல்ட் ஏறி நிற்கும். இருட்டில் கம்பிமுனைகளில் நீலநிறப் பொறி தெரியும். சரியாகக் காப்பிடாத இடத்தில் பிளாஸ்டிக் உருகும். சில சமயம் தீப்பிடிக்கும்.

மழை பெய்தால் சுருதி நழுவும். காற்றில் கம்பி ஆடினால் நழுவும். பக்கத்து மரம் இலை விட்டாலும் உதிர்த்தாலும் தடை மாறும். சுருளுக்குள் இன்னொரு சிறு சுருளைத் திருப்பித் திருப்பி ஒத்திசைவைத் தேடுவது இரவுநேர வேலையாயிற்று.

வரம்பை மீறவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆன்டெனாவின் அடியில் பாயும் மின்னோட்டத்தை அளந்து, உயரத்தைக் கொண்டு கதிர்வீச்சுத் தடையைக் கணக்கிட்டுப் பெருக்குவார்கள். சந்தேகம் தீராதவர்கள் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்க் காற்றில் புலவலிமையை அளந்து வருவார்கள். கணக்கில் வந்த எண்ணுக்கும் அளந்து வந்த எண்ணுக்கும் நடுவே பல சமயம் பெரிய இடைவெளி. மரங்களும் வீடுகளும் விழுங்கியது கணக்கில் வராது. ஒரு வாட் என்று நம்பிக்கொண்டிருந்த பலர் அதில் ஒரு பங்கைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

இந்த விதி கஞ்சத்தனத்தால் வந்தது என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பட்டையில் ஏற்கெனவே அரசு நிலையங்கள் இருந்தன. அமெச்சூர்கள் ஓரமாகக் குடியேறிய விருந்தாளிகள். ஆனால் அதன் விளைவு யாரும் எதிர்பாராதது. பவரைக் கூட்டி வெல்லும் வழி அடைபட்டுவிட்டது. வேறு எதையாவது கூட்டியாக வேண்டும்.

* * *

நேரத்தைக் கொடுத்து வாங்கிய தூரம்

மோர்ஸில் ஒரு புள்ளி ஓர் அலகு. கோடு மூன்று அலகு. நிமிடத்துக்கு 12 சொல் என்ற நிதான வேகத்தில் புள்ளியின் நீளம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு.

அந்தப் புள்ளியை 60 நொடிக்கு இழுத்தால்?

இரைச்சல் எல்லா அதிர்வெண்ணிலும் பரவிக் கிடக்கிறது. குறிப்பலையோ ஒரே அதிர்வெண்ணில் நிற்கிறது. புள்ளி நீள நீள, அதைக் கேட்கத் திறக்க வேண்டிய ஜன்னலைக் குறுக்கிக்கொண்டே போகலாம். ஜன்னல் குறுகக் குறுக உள்ளே வரும் இரைச்சல் குறையும். குறிப்பலை குறையாது. 600 மடங்கு நீண்ட புள்ளிக்கு 600 மடங்கு குறைந்த இரைச்சல். தோட்டத்தின் ஒரு வாட், 600 வாட்டின் வேலையைச் செய்யும். வீட்டில் பெண்கள் யாருக்கும் தெரியாமல் சிறுவாடு சேர்ப்பது போலத்தான்: ஒவ்வொரு நாளும் கண்ணுக்குத் தெரியாத தொகை, மாதக் கடைசியில் கை நிறைய.

1948-இல் கிளாட் ஷானன் கணிதமாக எழுதி வைத்த உண்மை இதற்கு அடிப்படை. செய்தியின் வேகத்தை விட்டுக்கொடுத்தால் ஆற்றலை மிச்சப்படுத்தலாம். விண்வெளிக் கலங்களோடு பேசுகிறவர்கள் அதை நன்றாக அறிந்திருந்தார்கள். வீட்டுத் தோட்டத்துக்கு அது வர ஒன்று குறைவாக இருந்தது.

காது. ஒரு நிமிடம் நீளும் புள்ளியை எந்தக் காதும் கேட்காது.

1990-களின் பிற்பகுதியில் வீட்டுக் கணினிகளில் சவுண்ட் கார்டு சாதாரணமானது. ரேடியோவின் ஒலியை அதில் செருகினால், கணினி அதை அதிர்வெண் வாரியாகப் பிரித்துத் திரையில் வரைந்துகொண்டே போகும். இத்தாலிய அமெச்சூர்கள் எழுதி இலவசமாகக் கொடுத்த ‘ஆர்கோ’ என்ற மென்பொருள் ஐரோப்பா முழுக்கப் பரவியது. கண், காதின் வேலையை எடுத்துக்கொண்டது.

வேகத்தைக் குறை என்பதற்குத் தந்திக்காரர்களின் பழைய குறியீடு கியூ.ஆர்.எஸ். இது அதையும் தாண்டிய மெதுவென்பதால் இன்னோர் எஸ் சேர்த்து கியூ.ஆர்.எஸ்.எஸ். என்றார்கள். பின்னால் புள்ளியின் நீளம்: கியூ.ஆர்.எஸ்.எஸ். 3 என்றால் மூன்று நொடி. பக்கத்து நாட்டுக்கு அது போதும். கடலுக்கு 30, 60, 120.

இது கடைப்பிடிக்க எளிதான முறையல்ல. ஒரு நிமிடப் புள்ளிக்கு உரிய ஜன்னல் ஒரு ஹெர்ட்ஸில் அறுபதில் ஒரு பங்கு. 137 கிலோஹெர்ட்ஸில், எட்டு மில்லியனில் ஒரு பங்கு துல்லியம்! அனுப்புகிறவரின் படிகம் அறையின் வெப்பத்தில் சற்றே நகர்ந்தாலும் கோடு சாய்ந்துபோகும். கேட்கிறவரின் ரேடியோவும் சவுண்ட் கார்டும் அதே அளவு அசையாமல் நிற்க வேண்டும். படிகங்களைச் சூடான பெட்டிக்குள் வைத்தார்கள். செயற்கைக்கோள் நேரத்தோடு பூட்டினார்கள்.

எவ்வளவு மெதுவென்று ஒரே எழுத்தில் காட்டிவிடலாம். ஆங்கில ‘கியூ’ என்பது கோடு கோடு புள்ளி கோடு. இடைவெளிகளோடு 13 அலகு. புள்ளிக்கு ஒரு நிமிடமென்றால் அந்த ஓர் எழுத்துக்கு 13 நிமிடம். எண் சுழியத்துக்கு 19 நிமிடம்.

எனவே சொல்லவேண்டியதை எலும்பாகச் சுருக்கினார்கள். அழைப்புக்குறியின் கடைசி எழுத்துகள் மட்டும். குறிப்பலை எப்படி வருகிறது என்பதற்கு, நிலாவில் மோதித் திரும்பும் அலைகளைப் பிடிக்கிறவர்களிடமிருந்து ஒரு முறையைக் கடன் வாங்கினார்கள். ‘டி’ என்றால் ஏதோ தடயம் தெரிகிறது. ‘எம்’ என்றால் பாதி புரிகிறது. ‘ஓ’ என்றால் முழுதும் படித்துவிட்டேன். டி-க்கு ஒரே கோடு, எம்-க்கு இரண்டு, ஓ-வுக்கு மூன்று. தெளிவு கூடக் கூட எழுத்து நீள்கிறது. நன்றாகக் கேட்கிறது என்று சொல்லத்தான் அதிக நேரம் பிடிக்கும். நன்றாகக் கேட்கும்போது அந்த நேரத்தைக் கொடுக்கலாம். இந்த முறையை யோசித்தவர்களின் விவேகத்தை நான் வியக்கிறேன்.

* * *

இருட்டின் ஜன்னல்

ஐரோப்பாவுக்குள் தொடர்புகள் நூற்றுக்கணக்கில் நடந்தன. எல்லோர் கண்ணும் மேற்கே இருந்தது.

பகலில், வானத்தின் அயனிமண்டலத்தில் சூரியன் எழுப்பும் தாழ்ந்த அடுக்கு நீள் அலையை விழுங்கும். இரவில் அந்த அடுக்கு கலைந்து, அலை மேலே மோதித் திரும்பும். ஆகவே கடலின் இரு கரையிலும் இருட்டு வேண்டும். கோடையில் இரவு குறுகும், இடிமின்னலின் கரகரப்பும் பெருகும். மிச்சம் குளிர்காலம். கனடாவில் சூரியன் மறைந்த பிறகு, இங்கிலாந்தில் அது எழும் வரை சுமார் ஒன்பது மணி நேரம். ஒரு நிமிடப் புள்ளியில் அதற்குள் ஏறக்குறைய நாற்பது எழுத்துகள் போகும். எதுவும் தவறாமல் போனால்.

தவறும். குறிப்பலை அரைமணி நேரம் எழுந்து நிற்கும், பிறகு மங்கிவிடும்.

கனடாவின் ஹாலிஃபாக்ஸ் ராணுவ நிலையம் 137.0 கிலோஹெர்ட்ஸில், பட்டையின் நடுவிலேயே, அனுப்பிக்கொண்டிருந்தது. இடைஞ்சல்தான். ஆனால் ஐரோப்பிய அமெச்சூர்கள் அதையே கைகாட்டியாக வைத்துக்கொண்டார்கள். ஹாலிஃபாக்ஸ் எழுந்தால் கடல்வழி திறந்திருக்கிறது. உடனே சுவிட்சைப் போடு. கப்பல்களுக்கு வழிகாட்டும் லோரான் நிலையங்கள் 100 கிலோஹெர்ட்ஸில் கொட்டிய துடிப்புகளோ வேறு கதை. அவற்றின் எச்சங்கள் திரை முழுக்கச் சீப்புப் பல்லாகக் கோடு போட்டன. அந்தப் பற்களின் நடுவே தன் அதிர்வெண்ணைப் பொருத்த ஒரு ஹெர்ட்ஸின் பின்னங்களில் இடம் தேடினார்கள்.

2000-ஆம் ஆண்டில் ஒருவழிக் கேட்புகள் நிகழ்ந்துவிட்டன. ஒரு கரையில் அனுப்பியதை மறுகரையில் படித்தார்கள். ஆனால் தொடர்பு என்பது வேறு. நீ சொன்னது கேட்டது என்று நான் சொல்ல, அது உனக்குக் கேட்டது என்று நீ மறுபடி சொல்ல வேண்டும். இரண்டு திசையும் திறந்தால்தான் கணக்கில் சேரும்.

* * *

2001 பிப்ரவரி

இங்கிலாந்தில் ஒரு நிலையம். கனடாவின் ஒண்டாரியோவில் ஒரு நிலையம். நடுவே 5,000 கிலோமீட்டருக்கு மேல். கனடாவில் இந்தப் பட்டை அன்று பொதுவில் திறக்கப்படவில்லை. ஒண்டாரியோக்காரர் தனி அனுமதி பெற்று அனுப்பினார்.

நிமிடக் கணக்கில் நீளும் புள்ளிகளோடு ஒரு பக்கத்துக் குறிப்பலை கிளம்புகிறது.

மறுபக்கத்துத் திரையை நினைத்துப் பாருங்கள். கறுப்புப் பின்புலத்தில் சாம்பல் தூவல், அது இரைச்சல். இடமிருந்து வலமாக நத்தையாக நகர்கிறது. பத்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு ஓர் இடத்தில் தூவல் சற்றே அடர்கிறது. கண்ணின் மயக்கமா? இன்னும் இரண்டு நிமிடம். அடர்த்தி ஒரு மெல்லிய கிடைக்கோடாக நீள்கிறது. அறுந்து நிற்கிறது. ஒரு நிமிட வெற்றிடம். மறுபடி ஒரு கோடு, அதே உயரத்தில், அதே நீளத்தில்.

இரைச்சல் இவ்வளவு ஒழுங்காக நடக்காது. அங்கே மனிதன் இருக்கிறான்.

எழுதிக்கொள்கிறார்: ‘எம்.’ பாதி புரிகிறது. அதை அனுப்ப ஏழு அலகு நேரம். அதற்குள் வழி மூடிவிடுகிறது. விடிந்துவிட்டது.

பதில் இன்னோர் இரவுக்குப் போகிறது. சாதாரண மோர்ஸில் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் அந்தச் சிறு உரையாடல் பல இரவுகளாக நீண்டது. ஒரு பாதி அழைப்புக்குறி ஓரிரவில், அறிக்கை வேறோர் இரவில், ஒப்புதல் இன்னொன்றில். நடுவே பகல்கள், வேலை, தூக்கம். மின்னஞ்சலில் சேதியைக் கசியவிட்டால் தொடர்பு செல்லாது. எந்த நேரம், எந்த அதிர்வெண் என்று பேசிக்கொள்ளலாம்; வந்த எழுத்து என்ன என்று சொல்லக்கூடாது. திரையில் வந்தது மட்டுமே சாட்சி.

பிப்ரவரியில் அது முடிந்தது. கடைசி ஒப்புதல் வந்து சேர்ந்தது. 136 கிலோஹெர்ட்ஸில், ஒரு வாட் வரம்புக்குள், அட்லாண்டிக்கைத் தாண்டிய முதல் இருவழி அமெச்சூர் தொடர்பு.

அந்தப் பழைய கிளிஃப்டனையும் கிளேஸ் பே-யையும் இணைத்துப் பாருங்கள். அதே கடல். மார்க்கோனி ஒரு மின்நிலையமே கட்டிச் செய்ததை, இரண்டு பேர் வீட்டுத் தோட்டத்திலிருந்து செய்துவிட்டார்கள். மார்க்கோனி வேகத்தை விற்றவர். சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம். இவர்களிடம் விற்க எதுவுமில்லை. எழுத்தை மணிக்கணக்கில் காக்க வைத்துக்கொள்ளும் உரிமை அதனால்தான் கிடைத்தது.

* * *

எல்லைக்கு அப்பால்

ஒண்டாரியோவின் தெற்கு எல்லையைத் தாண்டினால் அமெரிக்கா. உலகிலேயே அதிக அமெச்சூர்கள் வாழ்ந்த நாடுகளில் ஒன்று. 2001 பிப்ரவரியில் அங்கே இருந்த ஒருவர் அந்தக் கோடுகளைத் தன் திரையில் பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்தப் பட்டையில் பதில் அனுப்ப அவரது அமெச்சூர் உரிமம் இடம் தராது.

அவருக்குச் சட்டம் விட்டிருந்தது வேறொரு சந்து. 160 முதல் 190 கிலோஹெர்ட்ஸ் வரை உரிமமே இல்லாமல் அனுப்பலாம். அங்கேயும் ஒரு வாட்தான். ஆனால் இது கருவிக்குள் நுழையும் ஒரு வாட். ஆன்டெனா, அதன் இணைப்புக் கம்பி, எர்த் கம்பி எல்லாம் சேர்ந்து 15 மீட்டரைத் தாண்டக்கூடாது. ஐரோப்பியர் வானுக்கு அனுப்பிய ஒரு வாட்டோடு ஒப்பிட்டால், இதில் வெளியே கிளம்புவது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதிலும் சளைக்காமல் அமெரிக்கர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அனுப்பிக்கொண்டிருந்தார்கள், அதே மெதுவான புள்ளிகளால்.

ஐரோப்பாவில் உள்ள உரிமை தங்களுக்கும் வேண்டும் என்று அமெரிக்க அமெச்சூர்களின் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல்., 1998-இலேயே அந்நாட்டின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.-யிடம் மனுக் கொடுத்திருந்தது. கடற்படை எதிர்க்கும் என்று எதிர்பார்த்திருக்கலாம். எதிர்த்து எழுந்தவர்கள் வேறு ஆட்கள்.

மின்சாரக் கம்பெனிகள்.

அமெரிக்காவின் உயர் அழுத்த மின்கம்பிகளில் மின்சாரம் மட்டும் ஓடவில்லை. அதே கம்பிகளின் வழியே, நீள் அலை அதிர்வெண்களில், ஒரு துணைமின்நிலையம் இன்னொன்றோடு பேசிக்கொண்டிருந்தது. எங்காவது கம்பி அறுந்தால், எந்த சுவிட்ச் விழ வேண்டும் என்று சொல்லும் பேச்சு அது. அதற்கு எந்த உரிமமும் கிடையாது, எந்தச் சட்டப் பாதுகாப்பும் கிடையாது. ஆனால் ஒரு கண்டத்தின் மின்சாரம் அதன் மேல் நின்றது. கம்பெனிகள் தங்கள் வாதத்தை எஃப்.சி.சி.-யின் முன் வைத்தன: ஒரு தோட்டத்து ஆன்டெனாவின் குறிப்பலை இந்தப் பேச்சில் கலந்தால், விழக்கூடாத சுவிட்ச் விழலாம்.

அமெச்சூர்கள் ஐரோப்பாவைக் காட்டினார்கள். அங்கே மூன்று ஆண்டுகளாக ஒரு வாட் ஓடிக்கொண்டிருக்கிறதே என்றார்கள்.

உரிமம் இல்லாத கம்பிப் பேச்சு ஒரு பக்கம். உரிமம் கேட்டு நிற்கும் ஒரு வாட் இன்னொரு பக்கம். எஃப்.சி.சி. எதைக் காப்பாற்றியது?

(அடுத்த வாரம்)